மாட்டிடம் கேட்ட அனுமதி

"ஏம்மிணி, உங்கப்பனும் உங்க பெரியப்பனும் வாயத் தொறந்து பேசறதுக்குள்ள நீ கிழவியாயிருவே. அப்பறம் எங்க போயி வாத்தியாரம்மா ஆகறது?"

இப்படிக் கேட்டவர் என் பெரியம்மா. எட்டாம் வகுப்புத் தேறி, சேலத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர வழி தெரியாமல் நான் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. கேலி என்று ஒதுக்கவும் முடியவில்லை. அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை.

அப்பா அவர்களின் முதலாண்டு நினைவு நாளுக்கு வரும் உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுது என்றான் என் தம்பி. நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அப்பாவால் எங்களுக்கு வந்த எரிச்சலை விட்டுவிட்டு எழுதினால், படிப்பவர்கள் இது வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்பா பிறந்தது புதுச்சத்திரத்துக்கு மேற்கே, எங்கள் தோட்டத்திலுள்ள இதே வீட்டில். தவழும் வயதிலேயே தந்தையை இழந்தார். அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணன், அதாவது என் பெரியப்பா. மழை பொய்த்த வருடங்களில் கம்பங்கூழின் கட்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு நீரைத் தான் குடித்தவர். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் குரல் இறங்கிவிடும். இருவருக்கும் கல்யாணமாகிப் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாதே. ஒரே கிணற்றில் பக்கம் பக்கமாக இரண்டு கவலை ஏற்றம். மாடு பூட்டித் தோல் சாலில் இருவரும் நீர் இறைத்தார்கள். அப்பாவைப் போல் பாடுபட்ட மனிதரை நான் கண்டதில்லை. யார் வீட்டில் மாடு கன்று ஈனத் திணறினாலும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவார்.

பெரியப்பாவின் மூத்த மகள் கல்யாணத்தில் வந்தது வினை. பெரியப்பாவும் பெரியம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நாமகிரிப்பேட்டை வரைக்கும் வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கல்யாணத்தன்று அப்பா குளித்து, புது வேட்டி கட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். தாலி கட்டும் மேளச் சத்தம் கேட்டது. உட்கார்ந்தேயிருந்தார். பந்தி முடிந்து வண்டிகள் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தார். அங்கே பெரியப்பாவும் தம்பி வருவான் என்று பந்தலின் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஊட்டுக்காரனையே ஊட்டுக்கு அழைப்பாங்களா?" என்பது பெரியப்பாவின் கேள்வி.

"ஊருக்கெல்லாம் வெச்ச வெத்தல எனக்கு இல்லியா?" என்பது அப்பாவின் கேள்வி.

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். எங்கள் தலையெழுத்தே அதுதான். அன்றோடு பேச்சு நின்றது.

பேசாமல் கிணற்றை எப்படிப் பங்கு போடுவது? இருவரும் தத்தம் மாட்டிடம் பேசத் தொடங்கினார்கள்.

"அடே மயிலை, அந்தப் பக்கத்து வடம் தேஞ்சு கெடக்குது. ஆளுக கண்ணுக்குத் தெரியலியாட்டம் இருக்குது" என்பார் அப்பா.

"டேய் செவலை, நாளைக்குப் புது வடம் வருதுன்னு சொல்லுடா" என்பார் பெரியப்பா.

காட்டு வேலைக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இந்த நிலையில்தான் என் படிப்பு வந்து நின்றது. புதுச்சத்திரம் பள்ளிக்கு நடந்து போய் வந்தவரைக்கும் யார் வார்த்தையும் தேவைப்படவில்லை. சேலம் என்றதும் அப்பா சொன்னார்: "எங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லோணும் சாமி. அவரு சொல்லாம எம்புள்ள ஊரெல்லை தாண்டப்படாது."

"சரிங்கப்பா, போயிக் கேளுங்க."

"அழைக்காத ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கிறதா?"

"அப்ப நான் போயிக் கேக்கறேனுங்க."

"பெரியவங்க பேசற எடத்துல உனக்கென்ன வேல?"

எந்தப் பெரியவர்கள் பேசுகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. பள்ளியில் சேர்க்கும் நாளோ நெருங்கிவிட்டது. ஒருநாள் காலை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், இரண்டு கவலைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "இன்னைக்குக் கேக்காட்டி நான் ஊட்டுக்கு வரமாட்டேனுங்க" என்றேன்.

அப்பா நெடுநேரம் மாட்டின் திமிலைத் தடவினார். "மயிலை, புள்ள சேலத்துக்குப் போயி வாத்தியார் படிப்புப் படிக்கோணுங்குது. பெரியவங்க மனசுல என்ன இருக்குதோ தெரியல."

அந்தப் பக்கத்துக் கவலை நின்றது.

"செவலை, அங்க புள்ளைக்குச் சோறு யாரு பொங்கிப் போடுவாங்கன்னு கேளு."

"பள்ளிக்கூடத்துலயே விடுதி இருக்குதுங்க பெரியப்பா" என்றேன் நான்.

"நீ சும்மா இரு அம்மிணி!" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள். அத்தனை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கடைசியில் பெரியப்பா செவலையிடம் சொன்னார்: "போகட்டும். ஆனாக் கண்டவன் வண்டியில போகப்படாது. எம்பட வண்டியிலதான் போகோணும்."

என் வாழ்க்கையை இரண்டு மாடுகள் கலந்து பேசி முடிவு செய்தன. எட்டாவது தேறிய நான் சோற்றுச் சட்டியோடு நின்றேன்.

பெரியப்பா வண்டி ஓட்ட, அப்பா பின்னால் உட்கார, நடுவில் நானும் தகரப் பெட்டியும் சேலம் போய்ச் சேர்ந்தோம். பயிற்சிப் பள்ளித் தலைமையம்மா, "பெண்ணுக்குப் பொறுப்பு யார்?" என்று கேட்டார். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெரியப்பாவைக் காட்டினார். "அவங்க இருக்கறப்ப நான் சொல்றது முறையில்லீங்க." பெரியப்பாவின் கண் கலங்கிவிட்டது. எல்லாம் தீர்ந்தது என்று நிம்மதியாக விடுதிக்குள் போனேன். விடுமுறைக்கு வந்து அம்மாவைக் கேட்டால், "திரும்பி வாரப்பவும் மாட்டோடதான் பேசிக்கிட்டு வந்தாங்களாம்" என்றார்.

சென்ற வருடம் அப்பா விஷக் காய்ச்சலில் படுத்தார். பெரியப்பா தினமும் தன் கையால் கஞ்சி கொண்டுவந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துவிட்டார். அப்பா அவர் கையைப் பற்றிக்கொண்டு கிடந்தார். ஒரு வார்த்தை! இருவரில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மூச்சு அடங்கிய பிறகு பெரியப்பா அப்பாவின் முகத்தை இரு கையாலும் பிடித்து, "டேய் தம்பி, எந்திரிடா" என்றார். அதை முந்தைய நாள் சொல்லியிருந்தால் அப்பா காதால் கேட்டிருப்பார். இந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நோயில் பார்த்த வைத்தியருக்கும், தூக்கிச் சுமந்த பங்காளிகளுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், காகிதம் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் இதை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோரையும்விடப் பெரியப்பாவுக்கு.

நான் இப்போது மோகனூரில் ஆசிரியை. பெரியப்பா வீட்டிலேயே வளரும் அவர் பேத்தி ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாள். யார் யாரிடம் கேட்பது என்று இரண்டு வீட்டிலும் மறுபடி முணுமுணுப்பு. நான் காத்திருக்கவில்லை. போன வாரம் பெரியப்பா எதிரில் போய் நின்று, "பாப்பாவ என்னோட அனுப்புங்க பெரியப்பா, நான் படிக்க வெக்கறேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"என்னையப் பாத்துச் சொல்லுங்க பெரியப்பா."

பார்த்தார். "கூட்டிக்கிட்டுப் போ சாமி" என்றார்.

மோகனூர்ப் பள்ளியில் அவளைச் சேர்த்தாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஆறாம் வகுப்பு.