நொச்சிக் கிளையில் காணாமல்போன கும்பிடுபூச்சி

போன வாரம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றது. ஜன்னலுக்கு எதிரே சாம்பல் நிறச் சிமெண்ட் சுவரில் ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி. பத்தடி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை அடி தூரத்தில் இருந்த ஒரு கும்பிடுபூச்சியைத் தேடி, ஒரு வகுப்பே கண் பூத்துப்போன கதை என்னிடம் உண்டே!

அப்போது திண்டிவனத்தில் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கருத்தரங்கில் என் தலைப்பு, கும்பிடுபூச்சியின் தகவமைப்பு. உயிருள்ள பூச்சியைக் காட்டினால்தான் மதிப்பெண் என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் பூச்சி டிபன் பாக்ஸிலேயே செத்துப்போனது (மூடியில் ஓட்டை போட வேண்டும் என்று விலங்கியல் மாணவிக்குத் தோன்றவில்லை, பாருங்கள்). இனி ஒரே ஒரு வாய்ப்புதான்.

சளிக்கு ஆவி பிடிப்போமே, அந்த நொச்சி வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மூக்கு திறப்பதற்கு முன் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அதைச் சுற்றி நொச்சி வேலி. பள்ளிப் பரீட்சை வந்தால் அந்த வேலிப் பூச்சிகளிடம்தான் குறி கேட்போம். "பாஸா, பெயிலா?" ஆடினால் பாஸ். லேசாக ஊதிவிட்டுக் கேட்டால் கட்டாயம் ஆடும் என்பது என் ரகசியக் கண்டுபிடிப்பு.

கருத்தரங்கு அன்று, அந்த வேலியில் பூச்சி உட்கார்ந்திருந்த கிளையையே ஒடித்து, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய், வகுப்பு மேசையில் பாட்டிலில் நட்டுவைத்தேன். பார்த்தால், இலைதான் இருக்கிறது. பூச்சியைக் காணோம்.

"பஸ்லயே எறங்கிப் போயிருக்கும்டி. அதுக்கு டிக்கெட்டு எடுத்தியா நீ?" என்றாள் முன் பெஞ்சிலிருந்த கோட்டக்குப்பத்துத் தோழி ஷாகிரா.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இன்னாம்மா, வெறுங்கிளைய வெச்சிக்கினு வேப்பிலை அடிக்கப் போறியா?"

"இருக்குது மேடம். ஒளிஞ்சிக்கினு இருக்குது."

"அப்ப மார்க்கும் அப்படியே ஒளிஞ்சிக்கினு இருக்கட்டும்."

மேடம் பேனாவைத் திறந்த நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல ஓய்ந்தது. இலைகள் ஒவ்வொன்றாக அசைவை நிறுத்தின. ஒன்று மட்டும் நிறுத்தவில்லை. முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

"அதோ!" என்று கத்தினேன். அந்த இலை சாவகாசமாகத் தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாக மேடத்தைப் பார்த்தது. மேடம் இரண்டடி பின்னால் குதித்தார்.

"பாஸ்டி!" என்றாள் ஷாகிரா.

அதற்குமேல் என் வாயை யார் மூடுவது? காற்றில் இலை ஆடினால் கூடவே இதுவும் ஆடும், குருவிக்கு வித்தியாசம் தெரியாது. கூப்பிய கை கும்பிடுவதற்கல்ல, உள்ளே ரம்பப் பல். எல்லாவற்றுக்கும் தகவமைந்த பூச்சிக்குக் கரண்ட் கட்டுக்கு மட்டும் பழக்கமில்லை என்று முடித்தேன். மேடமே சிரித்துவிட்டார்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த நொச்சி வேலி போய்விட்டது.

சுங்கச்சாவடியில் பக்கத்து லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. அதன் காற்று பட்டதும் சுவரிலிருந்த பூச்சி, கற்ற வித்தையை மறக்காமல், முன்னும் பின்னுமாக ஆடியது. கூட ஆட அங்கே ஒரு இலைகூட இல்லை. ஆடினால் பாஸ்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.