புளோவரில் இருந்த எண்ணெய்

மாசிக் குளிரில், வீட்டைச் சூடாக்குகிற எங்கள் பேர்னஸ் ஆடத் தொடங்கியது. சூடு வந்தது. ஆனால் அந்தச் சூட்டை மேலே தள்ளுகிற புளோவர் ஓடத் தொடங்கியதும் கீழே பேஸ்மென்ற் சுவரிலிருந்து மேலே படுக்கையறைக் கட்டில் வரை அதிர்ந்தது. அன்று சனிக்கிழமை காலை. திருத்துகிறவன் திங்கட்கிழமைதான் வருவானாம். வீடு குளிர்ந்தால் என் மனைவிக்கு இழுப்பு வந்துவிடும். அவளுடைய நுரையீரல் பழுதாகிவிட்டது, ஏனென்று தெரியவில்லை என்று டொக்டர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தேன். பில்ரரை மாற்றினேன். மூடியின் ஆணிகளை இறுக்கினேன். கீழே பெட்டி மட்டையை மடித்துச் செருகினேன். மட்டை நசிந்ததுதான் மிச்சம். கடைசியில், பேர்னஸைச் செய்தவனையும் விற்றவனையும் திட்டிக்கொண்டு, கரண்டை நிற்பாட்டிப் புளோவரைக் கழற்றத் தொடங்கினேன்.

“ஒரு மணித்தியாலம் பொறும். உமக்குக் குளிருதோ?” என்று படியடியில் நின்று கேட்டேன்.

“ஓம். கெதியா முடியுங்கோ,” என்றாள் மேலேயிருந்து. ஜக்கெற்றும் போட்டு இரண்டு போர்வைக்குள் இருந்தாள். சொல்லி முடிக்குமுன்னே இருமல் வந்துவிட்டது.

புளோவர் என்பது ஒரு சின்னப் பீப்பா. சுற்றிவர ஒடுக்கமான தகடுகள். வெளியே இழுத்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தகடுகளுக்கிடையே தூசு கம்பளியாக அப்பியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கட்டியாகக் கழன்று விழுந்திருந்தது. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் வெறும் தகடு. ஆடாமல் என்ன செய்யும்? காரணத்தைப் பிடித்துவிட்ட சந்தோசத்தில் சுரண்டத் தொடங்கினேன். தூசு உதிரவில்லை. மஞ்சளாக, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மணந்து பார்த்தேன். பொரித்த எண்ணெய்.

நிமிர்ந்தால் நாலடி தள்ளி அவளுடைய அடுப்பு நின்றது.

அதை அங்கே வைத்தவன் நான். மோர்னிங்சைட்டில் இந்த வீட்டை வாங்கிய வருடம், என்னுடைய கோட்டில் மீன் பொரியல் மணக்கிறதென்று வேலையிடத்தில் ஒருத்தி முகம் சுளித்தாள். அவளிடம் காட்ட முடியாத கோபத்தை வீட்டில் வந்து காட்டினேன். பொரியல், வறுவல் எல்லாம் இனிக் கீழே என்றேன். புகையை வெளியே இழுக்க ஒன்றும் பூட்டவில்லை. யன்னல் ஒன்றுதான், அதையும் பனி மூடிவிடும். பதினைந்து வருடம் அவள் அங்கே நின்று மீன் பொரித்தாள், தூளுக்கு மிளகாய் வறுத்தாள், என் கூட்டாளிமாருக்கு ரோல்ஸ் பொரித்தாள். நான் மேலே மணமில்லாத வீட்டில் இருந்து சாப்பிட்டேன்.

டொக்டர் கேட்கத்தான் கேட்டார். சிகரெட் பிடிப்பீர்களா, வீட்டில் புகை உண்டா, எங்கே சமைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்று எப்போதும் நான்தான் பதில் சொல்வேன். அன்றும் அவள் பக்கம் திரும்பாமலே, புகையே இல்லை, நல்ல குசினி என்று சொல்லிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கீழ்க்குசினியைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம். வேறு ஒரு காரணமும் இல்லை.

மோட்டரில் ஈரம் படாமல், பழைய பல்துலக்கியாலும் சோப்பாலும் ஒவ்வொரு தகடாகத் தேய்த்தேன். வாளித் தண்ணீர் மூன்று தரம் கறுத்தது. உலர்த்தித் திரும்பப் பூட்டியபோது புளோவர் சத்தமில்லாமல் ஓடியது. அதன் முன்னால் இருந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். கட்டில் அதிரவில்லை. அறையில் சூடு பரவத் தொடங்கியிருந்தது.

“என்ன இருந்தது?” என்று கேட்டாள்.

“தூசு,” என்றேன்.

என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். மணந்து பார்த்தாள்.

“சோப்புப் போட்டும் போகேல்லை, என்ன?” என்றாள். பிறகு இருமினாள். இருமி முடியும்வரை காத்திருந்தேன்.

“அடுத்தமுறை டொக்டரிட்ட நான் கதைக்கிறன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் போதும். நீங்கள் வெளியில இருங்கோ.”