கெம்பம்மா பேசிய தமிழ்

கெம்பம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். பானை ஆடாமல் இரண்டு பக்கமும் துணியால் பிடித்துக்கொண்டிருந்தவள் பின்அறையில் குடியிருக்கும் ஜெயமணி. அந்த நேரம் பார்த்துத்தான் எஸ்.ஐ. சௌந்தரராஜன் வாசலில் வந்து நின்றார்.

ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கெம்பம்மாவுக்குக் கன்னடம்தான் தெரியும். சிப்காட் வந்து, தெற்கத்தி ஆட்கள் வேலைக்கு வந்து, புருஷன் கரியப்பன் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்ட பிறகுதான் தமிழ் வந்தது. ஒவ்வொரு குடித்தனமும் காலி செய்யும்போது கிழிந்த பாயோடு கொஞ்சம் பேச்சையும் விட்டுவிட்டுப் போகும். யாழ்ப்பாணத்து ஜெயமணி காலி செய்யவே இல்லை. வருஷக்கணக்காக ஒரே அடுப்படியில் புழங்கியதில் அவள் பேச்சு இவளுக்கும், இவள் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அது தொண்ணூற்றிரண்டு. அந்தத் தீவில் தனிநாடு கேட்டவர்களைத் தில்லி முதலில் மடியில் வைத்துக் கொஞ்சியது. அப்புறம் சமாதானம் பண்ணுகிறேன் என்று படை அனுப்பி அவர்களோடேயே சண்டை போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மறு வருஷம் தடை போட்டது. மாமியார்கள்கூட இவ்வளவு வேகமாக மனசு மாறுவதில்லை. அகதிகள் எல்லோரும் போலீசில் பதிய வேண்டும் என்றார்கள். பதியப் போன ஜெயமணியின் அண்ணனை முகாமில் அடைத்து, அங்கிருந்து சொந்த விருப்பத்தின் பேரில் கப்பலேற்றினார்கள். அவனுடைய சொந்த விருப்பத்தை அவனுக்காக யாரோ எழுதிக்கூட வைத்திருந்தார்கள். அவன் கையெழுத்துப் போட்டதுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஜெயமணி பதியப் போகவில்லை.

"வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி போடட்டோ?" என்றாள் கெம்பம்மா.

எஸ்.ஐ. உட்காரவில்லை. பதியாத அகதிகளைப் பேச்சை வைத்தே பிடிக்கத் தெற்கிலிருந்து அனுப்பப்பட்டவர். மேலதிகாரிகள் அவர் காதைத்தான் நம்பியிருந்தார்கள்.

"எந்த ஊரும்மா நீ?"

"இந்த ஊர்தான். ஏன், என்ன கதைக்கிறியள்?"

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். "நீ?"

"இந்தப் பக்கம் மத்தூருங்க சார். வாடகைக்கு இருக்கறனுங்க. அக்கா பாவம், ஒண்ணும் தெரியாதவங்க சார்."

"நீ சும்மா இரும்மா. நல்ல குடும்பத்துப் பொண்ணாத் தெரியிற, இவகூட எதுக்குச் சேர்றே?"

கெம்பம்மா ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினாள். "கன்னடப் பேரு வச்சுக்கிட்டா ஏமாந்துடுவோமா?" என்று திருப்பிக் கொடுத்தார். தனி அடுப்புகூடக் கேட்காமல் மாமியாரோடு கடைசிவரை காலம் தள்ளிய கெம்பம்மா, இப்படித்தான் தேச ஒற்றுமைக்கு ஆபத்தானாள்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வா. ஒண்ணு, நீ அந்த ஊருக்காரின்னு ஒத்துக்கோ. இல்லேன்னா இந்தப் பேச்சை யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லு." போகும்போது ஜெயமணியிடம், "ஜாக்கிரதையா இரும்மா" என்றார்.

ஷிப்ட் முடிந்து வந்த கரியப்பன் எல்லாவற்றையும் கேட்டான். "ரெண்டு பாஷை தெரியும் உனக்கு. ஒண்ணுலயாவது வாயை மூடத் தெரியுதா?" என்றான். "போய்க் கன்னடத்துல நாலு வசவு விடு. தானா நம்பிடுவான்."

"நம்புவான். அப்புறம் யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு கேப்பானே?"

கரியப்பன் ஜெயமணியைப் பார்த்தான். பிறகு களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டு விழுங்கினான்.

அவன் கை கழுவப் போனதும், ஜெயமணி வெகுநாளைக்குப் பிறகு தன் ஊர்ப் பேச்சில் கேட்டாள்.

"அக்கா, நானே போய்ப் பதியட்டோ?"

கெம்பம்மா அடி பிடித்த பானையை எடுத்தாள். அதில் தண்ணீர் ஊற்றி, களி கிண்டிய துடுப்பையும் உள்ளே போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.