தம்பியின் பார் ஷூ

என் தம்பி பிறந்தபோது அவனுடைய இரண்டு பாதங்களும் உள்பக்கமாக வளைந்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கிரகணத்தன்று அம்மா வெளியே போய் வந்ததுதான் காரணம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ‘நங்கையா’ என்று கூப்பிடும் அத்தையிடம் அம்மா எதற்குமே பதில் பேசியதில்லை.

டாக்டரம்மா தம்பியின் பாதத்தைக் கட்டைவிரலால் கொஞ்சமாகத் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு மாவுக்கட்டுப் போட்டார். அடுத்த வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் கட்டு. அப்பாவுக்கு அருள்புரத்தில் காம்பாக்டிங் யூனிட்டில் வேலை. கோணலாக வரும் பனியன் துணியை நீராவியில் அழுத்தி நேராக்கி அனுப்புகிறவர். காலையும் ஒரே தடவையில் நேராக்கிவிட முடியாதா என்று கேட்டார்.

டாக்டரம்மா சொன்ன பதிலை, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி இன்னும் எலும்பாகவில்லை, குருத்தாகத்தான் இருக்கிறது. பலமாகத் திருகினால் நசுங்கிவிடும். மெதுவாக இழுத்துப் பிடித்தால், அந்த இழுப்புக்குத் தக்கபடி தசைநார் நீண்டு வளரும். குருத்தும் அந்த வடிவத்திலேயே எலும்பாகும். விட்டுவிட்டால் பழையபடி உள்ளே திரும்பிக்கொள்ளும்.

கட்டுகள் முடிந்து பாதம் நேரானதும் பார் ஷூ வந்தது. இரண்டு குட்டி ஷூக்கள், விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க, ஒரு பட்டைக் கம்பியில் முடுக்கப்பட்டிருந்தன. குளிக்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது. தம்பியால் ஒரு காலை மட்டும் தனியாக உதைக்க முடியாது. அழுது அழுது அவன் குரல் கம்மிப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தையின் பேரனுக்கு அவிநாசிபாளையம் பக்கத்தில் ஒரு கோயிலில் காதுகுத்து. நாலு பேர் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அந்தக் கம்பியை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும் என்று அத்தை போனில் சொல்லியிருந்தார். ஒரு நாள்தானே என்றார் அப்பா. அம்மா ஷூவோடு சேர்த்துத் தம்பியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டாள்.

பந்தியில் உட்காரும்போது அத்தை தம்பியை வாங்கிக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் அம்மா எழுந்து போக, நானும் பின்னால் ஓடினேன். தம்பி வெறுங்காலோடு அத்தை மடியில் கிடந்தான். ஒரு காலை நீட்டினான், பிறகு இன்னொன்றை. அவன் அப்படி உதைத்து நான் பார்த்தது அன்றுதான். போட்டோகிராபர் வாயால் சத்தம் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா ஷூவைக் கேட்டாள். அத்தை கோபப்படவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார்.

“இன்னிக்கு ஒரு நாளு புள்ளைய உடு கண்ணு. நீ இந்தக் காலை வெச்சுட்டு நடக்காமயா போயிட்டே? கண்ணாலமாயி ரண்டு பெத்தாச்சல்லோ.”

“நடந்தனுங்க நங்கையா,” என்றாள் அம்மா. “எப்படி நடந்தேன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லீங்க.”

சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா யாரையும் பார்க்காமல் போய், அத்தையின் பைக்குள்ளிருந்து ஷூவை எடுத்து வந்தார். தரையில் மண்டியிட்டுத் தம்பியின் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா எச்சில் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாரை மாட்டினாள். தம்பி அலறினான். உடனே கிளம்பிவிட்டோம்.

தம்பி இப்போது காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் இருக்கிறான். பனியன் பண்டலைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். பார் ஷூ அவனுக்கு ஞாபகமில்லை.

எனக்கு அன்று திரும்பி வந்த பஸ் ஞாபகமிருக்கிறது. அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். அத்தை சொன்னதில் எனக்குத் தப்பொன்றும் தெரியவில்லை. அம்மாவின் வலது பாதம் உள்பக்கம் சாய்ந்து, ஓரத்தால்தான் தரையை மிதிக்கும். அந்த ஓரம் காய்த்துக் கறுத்திருக்கும். அந்தக் காலோடுதான் அவள் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நாள் முழுக்க நின்றாள், குடம் தூக்கினாள், என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். அம்மாவுடைய கால் அப்படி இருக்கும், அவ்வளவுதான். அதனால் அவளைத் தேற்றுவதாக நினைத்து, “உன்ற காலு நல்லாத்தானேம்மா இருக்குது?” என்றேன்.

அம்மா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். ஐஸ்கிரீம் போடுவதற்குள் கிளம்பிவிட்டோமே என்ற வருத்தத்தில் நான் தூங்கிப்போனேன்.