ஜப்பான் தேயிலையும் பாலன் குடிலும்

யுத்தம் தொடங்கி இரண்டாவது கிறிஸ்துமஸ் அது. ஜப்பான்காரன் இன்னும் யுத்தத்தில் இறங்கியிருக்கவில்லை. அதனால்தான் கோபே துறைமுகத்தில் வாங்கிய ஒரு டப்பா பச்சைத் தூள் திரேஸ்புரத்தில் எங்கள் வீடுவரை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கப்பல் குசினியில் வெங்காயம் உரிப்பது அவர் வேலை. ஊருக்கு வந்தால் மட்டும் தலைமைச் சமையல்காரர்.

மாமா பொய் சொல்வார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் சிலர் நன்றாக வலை பின்னுவார்கள், சிலர் கோவிலில் நன்றாகப் பாடுவார்கள், மாமா நன்றாகப் பொய் சொல்வார். சிங்கப்பூரில் ஒரு கிளி அவரிடம் இங்கிலீஷில் வழி கேட்டதாம். இவரும் வழி சொல்லி அனுப்பினாராம். அம்மா "போதும்லே" என்பாள், ஆனால் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துக்கொண்டேதான் சொல்வாள்.

அந்தத் தூளுக்குப் பெயர் மட்சா என்றார் மாமா. தேயிலைதானாம். நிழலில் வளர்த்து, ஆவி காட்டி, உலர்த்தி, கல்லில் மாவாக அரைப்பார்களாம். இதுவும் கிளி வகையறாதான் என்று நாங்கள் நினைத்தோம். அது உண்மை என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்களை உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினார். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, தூள் செத்துப்போகும் என்றார். அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, ஜெபமாலையில் பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லுகிற நேரம் ஆறவிட வேண்டுமாம். அம்மா நிஜமாகவே பத்து மந்திரமும் சொன்னாள். பிறகு மாமா தூளைச் சலித்துக் கோப்பையில் போட்டு, மூங்கிலைச் சன்னமாகச் சீவிக் கட்டிய ஒரு மத்தால் முன்னும் பின்னும் அடித்தார். அந்த மத்தை முந்தின நாள் அப்பா சவரப் பிரஷ் என்று நினைத்து முகத்துக்குச் சோப்பு போட்டிருந்தார். மாமா அதை மூன்று தடவை வெந்நீரில் அலசியும் லேசாகச் சோப்பு வாசம் வந்தது.

குடிப்பதற்கும் முறை உண்டு. சீனி கிடையாது, பால் கிடையாது. முதலில் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் ஒன்றை முழுதாகத் தின்று முடிக்க வேண்டும். இனிப்பு வாயில் இருக்கலாம், டீயில் இருக்கக்கூடாது. கோப்பையை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். கடைசி வாயைச் சத்தமாக உறிஞ்ச வேண்டும், அதுதான் மரியாதை. ரசம் உறிஞ்சியதற்காக அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். ஜப்பான் மிக நல்ல தேசமாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, வீட்டில் கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டார். அம்மா, "முருங்கைக்கீரை அவிச்ச தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றாள். நான் குடித்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. அது புல். மாமாவை யாரோ ஏமாற்றிப் புல்லை அரைத்து விற்றுவிட்டார்கள். டீயை வேலிப்பக்கம் ஊற்றினேன். மக்ரூன் மட்டும் நன்றாக இருந்தது.

மீதித் தூளை மாமா பத்திரப்படுத்தினார். கீழவைப்பாரிலிருந்து அவருக்குப் பெண் கொடுக்க ஒரு பெரியவர் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குத்தான் அந்த டீ. டப்பாவைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்தாள். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கப்பல்கள் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த காலம். கல்யாணம் நிச்சயமானால் மாமா கரையிலேயே ஒரு வேலை பார்ப்பார், இல்லாவிட்டால் தையில் கப்பல் ஏறிவிடுவார். தினமும் ராத்திரி ஜெபத்தில் அம்மா இதைச் சொல்லியே அழுவாள். பெரியவரோ லேசுப்பட்டவர் இல்லை. ஏற்கெனவே பெண் கேட்டு வந்த இரண்டு கப்பல்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்லித் திருப்பியனுப்பியவர். நம்முடைய ஆளோ கிளிக்கு வழி சொன்னவர்.

இந்த விஷயங்களில் எனக்கு நாட்டம் இல்லை. எனக்கு என் கவலை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பாலன் குடில் கட்டுவோம். கடற்கரை மணலைப் பரப்பி, நடுவில் ஓலைக் கொட்டகை போட்டு, மாதாவையும் சூசையப்பரையும் இடையர்களையும் வைப்போம். ஆடுகள் மேய்கிற புல்வெளி என் பொறுப்பு. வழக்கமாக மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றுவோம். யுத்தத்தால் அந்த வருஷம் நல்ல சாயம் கிடைக்கவில்லை, கிடைத்த சாயம் மரத்தூளை நீலமாக்கிவிட்டது. நீலப் புல்லை எந்த ஆடு தின்னும்? எட்டு வயதில் நான் மிகவும் ஒழுங்காக யோசிப்பேன். டப்பாவில் இருப்பது புல். குடிலுக்கு வேண்டியது புல். அதற்குமேல் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

சொல்லக்கூடாது, அப்படியொரு புல்வெளி எங்கள் தெருவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்மாகூட, "சாயம் எங்கன கிடைச்சுதுளா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் தந்தார்கள் என்றேன். மாமாவிடம் நானும் கொஞ்சம் கற்றிருந்தேன்.

திருநாள் கழிந்த மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். நாற்பது வருஷம் சங்கு குளித்தவர். அகலமான நெஞ்சு, ஒரு காது கேட்காது, பேச்சு குறைவு. வந்ததும் குடிலுக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டார். புல்வெளியை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அப்பா அவரைக் கால் கழுவக் கொல்லைக் கிணற்றுக்கு அழைத்துப்போனார். அம்மா அடுப்படியில் தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினாள். மாமா டப்பாவைத் திறந்தார்.

அவர் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை. டப்பாவைக் கவிழ்த்தார், தட்டினார், என்னைப் பார்த்தார். நான் குடிலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"புல்லுன்னு நெனச்சுட்டேன், மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழாத. உங்கம்மா காதுல விழுந்தா உன்னய உரிச்சிருவா. கரண்டி எடு."

இரண்டு பேரும் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து சுரண்டினோம். நான் பச்சை ஒட்டிய ஆடுகளைத் தூக்கிப் பிடித்தேன், மாமா மேலாக வழித்தார். எவ்வளவு மெதுவாக வழித்தாலும் மணலும் சேர்ந்தேதான் வந்தது. சல்லடை அம்மாவிடம் இருந்தது. மாமா பெண்வீட்டாருக்காகவே உடுத்தியிருந்த புது மல் வேட்டியின் முனையை விரித்து அதில் போட்டுச் சலித்தார். உள்ளே அம்மா ஏழாவது மந்திரத்தில் இருந்தாள். எட்டாவதில் ஒரு இடையன் விழுந்து அவன் கை போயிற்று. ஒன்பதாவதில் கோப்பையில் தூள் விழுந்தது. பச்சையான வேட்டி முனையை மாமா இடுப்பில் செருகிக்கொள்ளவும், அம்மா ஆமென் சொல்லிக்கொண்டு வெந்நீரோடு வரவும் சரியாக இருந்தது.

கிணற்றடியிலிருந்து வந்த பெரியவர், மாமா சொன்னபடி மக்ரூனை முழுதாகத் தின்றார். மாமா மத்தை எடுத்து அடித்தார். நுரை வந்தது. அதில் எத்தனை பங்கு தேயிலை, எத்தனை பங்கு அப்பாவின் சவரச் சோப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியவர் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்தி ஒரு வாய் குடித்தார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த 'நறநற' கேட்டது.

"தம்பி, பல்லுல மணலு அரைபடுதே" என்றார்.

அம்மா திடுக்கிட்டு மாமாவைப் பார்த்தாள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"கோபேல அப்படித்தான்யா. ஒரு சிட்டிகை கடல் மணலு போடுவாக. அப்பதான் கசப்பு அடியில உக்காரும்" என்றார். கேட்கச் சகிக்காத பொய். அவர் சொன்னதிலேயே மட்டமான பொய் அதுதான்.

பெரியவர் இன்னொரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"மொதல்ல கசக்கு. பொறவு நாக்கடியில இனிக்கு" என்றார். "நல்ல பாசி வாசம். கடலடிப் பாருல முங்கி சங்கெடுத்துட்டு மேல வந்து மொத மூச்சு விடும்போது, தொண்டையில நிக்குமே ஒரு ருசி, அது. குளிக்கதை விட்டு எட்டு வருசமாச்சி. கப்பல்ல போனா இதெல்லாம் கிடைக்குமா தம்பி?"

அந்த டீயில் அப்படியொரு ருசி இருப்பது, கோபேயிலிருந்து சுமந்துவந்த மாமாவுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். பெரியவர் கடைசி வாயை மரியாதையாக உறிஞ்சி, மணலையும் சேர்த்து விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் கண் குடிலுக்குப் போயிற்று. வெறும் மணலில் ஆடுகள் நின்றன. "ஏளா, இங்கன இருந்த புல்லு எங்க?" என்றாள். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஆடுதான் மேஞ்சிருக்கும், தாயி" என்றார் பெரியவர், கோப்பையைக் கீழே வைத்தபடி. வந்த இடத்தில் பெரியவர் விளையாட்டாகப் பேசிவிட்டாரே என்று அம்மாவும் சிரித்தாள். நான் அவரை அசடு என்று முடிவுகட்டினேன்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. மாமா கப்பலை விட்டுவிட்டு ஒரு ரொட்டிக் கிடங்கில் மக்ரூன் சுடப் போனார். பெரியவர் வரும்போதெல்லாம் எனக்குச் சின்னச் சங்குகள் கொண்டுவருவார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருக்கும். என்ன இருந்தாலும் நானும் மாமாவும் சேர்ந்து ஏமாற்றிய மனிதர். சங்கை வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துவைப்பேன்.

பெரியவர் இறந்து முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். மனசு கேட்காமல், பெரியவரை நாங்கள் எப்படியெல்லாம் ஏமாற்றினோம் என்று மாமியிடம் சொன்னேன். மாமி கண்ணீர் வரச் சிரித்தாள். எங்கள் வீடு பார்க்க வந்த அன்று சாயங்காலம் அவள் அப்பா கீழவைப்பாருக்குத் திரும்பி வந்து, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"மாப்பிள்ளை பெரும் பொய்யன்தான். ஆனா பச்சைக் கையோட ஒரு சின்னப் புள்ள சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அது அடி வாங்கிரக் கூடாதேன்னு வேர்த்து ஒழுக ஒழுகப் பொய் சொல்லுதான். குடுத்துருவோம்."