பதினொரு அறைகளின் பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரிலிருந்து, பிலோமினா அக்காவின் தங்கை றெஜினா தொலைபேசியில் அழைத்தார். "வசந்தியக்கா, அக்கா விடியக்காலமை போயிட்டா" என்றார். "பக்கத்திலை ஆர் இருந்தது?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார்.

பிலோமினா அக்காவை எஸ்பியர்க் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். தேவாலயப் பூசையில் முன்வரிசை வாங்கிலிருந்து திரும்பி, கதைக்கிற பிள்ளைகளை முறைப்பவர் அவர்தான். எங்கள் பிள்ளைகள் டேனிஷில் ஏதாவது முணுமுணுத்தால், அதைவிடத் திறமான டேனிஷில் பதில் கொடுப்பார். அவருக்கு வாய் நீளம் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், அவர் முகத்துக்கு நேரேயே. ஆனால் அந்த வாய் ஒரேயொரு தடவை அடைத்துப்போனதை நான் கண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். "நான் கண்ணை மூடினாப் பிறகு வேணுமெண்டா எழுது" என்று அவரே உத்தரவு தந்திருந்தார்.

நாங்கள் சந்தித்தது எண்பத்தைந்தில், ரீபே என்ற பழைய பட்டினத்தில். எஸ்பியர்க்கிலிருந்து ரயிலில் அரைமணி நேரம். கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், மரச்சட்டம் தெரியும் சுவர்கள், குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள். அங்கே ஒரு மிகப் பழைய பயணிகள் விடுதி. அதைக் கியர்ஸ்டன் என்ற அம்மையாரும் கணவரும் வருடக்கணக்காகத் திருத்தி, பழமை கெடாமல் மறுபடி திறந்திருந்தார்கள். அங்கே அறைகளைத் துப்புரவு செய்வது அக்காவின் வேலை. சாப்பாட்டு மேசைகளைக் கவனிப்பது என் வேலை. அவருக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து தனியே வந்தவர். நான் கலியாணம் முடித்து, மீன் தொழிற்சாலையில் வேலை செய்த கணவரின் பின்னால் வந்தவள்.

அந்த விடுதியில் நேரான நிலம் கிடையாது. கட்டில்களின் ஒரு பக்கக் காலுக்குக் கீழே மரக்கட்டை வைத்திருக்கும். அந்தச் சரிவுதான் கியர்ஸ்டனுக்குப் பெருமை. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார். அக்காவுக்கோ அது தீராத எரிச்சல். "இத்தினை வருசம் திருத்தினவை நிலத்தை மட்டும் மறந்துபோச்சினம்" என்பார். தூசுக் கூடையோடு அவர் சாய்ந்து சாய்ந்து நடப்பதைப் பார்த்து நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார், ஆனால் பதினொரு அறைகளும் முடிந்த பிறகுதான்.

எண்பத்தாறு கோடையில் அவருடைய தங்கை றெஜினாவின் பேச்சு எழுந்தது. றெஜினாவுக்கு அப்போது பத்தொன்பது. குருநகரில் ஷெல் விழாத கிழமை இல்லை. பிள்ளையை இங்கே எடுத்துவிட வேண்டும் என்று அக்கா தவித்தார். டென்மார்க் சட்டத்தை இறுக்கப் போகிறது, இலையுதிர் காலத்துக்குப் பிறகு வருவது பாடு என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களைப் பெற்ற ஐயா பிடித்த பிடியை விடவில்லை. ஒரு குமரைத் தனியே அனுப்பிவிட்டுப் படுவது போதும், மற்றதையும் அனுப்புவதென்றால் முதலில் லண்டனிலிருக்கும் அன்ரன் போய்ப் பார்க்கட்டும், பிலோமினா மரியாதையாக இருக்கிறாளா என்று அவன் கண்ணால் கண்டு எழுதட்டும் என்று கடிதம் போட்டிருந்தார்.

அன்ரன் என்பவர் அவர்களுடைய மூத்த அண்ணர். லண்டனில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக் உத்தியோகம் என்று குருநகர் முழுவதும் பேர். அக்காவோ "ஹோட்டலில் ஒஃபிஸ் வேலை" என்று ஊருக்கு எழுதியிருந்தார். மற்றவனின் கக்கூசு கழுவுகிறாள் என்று ஐயாவின் காதுக்குப் போனால் றெஜினாவின் பயணம் அன்றோடு சரி.

அக்கா இருந்த வீட்டில் மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அண்ணர் வருகிறார், படுக்க இடமில்லை என்று கியர்ஸ்டனிடம் சொன்னதுதான் தாமதம், அந்த அம்மையார் பூரித்துப்போனார். "சனிக்கிழமை தோட்டப் பக்கத்து இரண்டு அறையும் உங்களுக்குத்தான். அன்றைக்கு நீயும் விருந்தாளி, ஒரு சாமானிலும் கை வைக்கக்கூடாது" என்றார். அக்கா தலையாட்டினார். ஊருக்கு எழுதிய பொய்யைக் கியர்ஸ்டனிடம் சொல்லி வையுங்கள் என்று நான் மன்றாடினேன்.

"என்னெண்டு சொல்லுறது வசந்தி? வேலை செய்யிறது வெக்கம் எண்டு இந்த மனிசிக்கு டேனிஷிலை விளங்கப்படுத்தச் சொல்லுறியோ?"

அதுதான் பிழையாகப் போனது.

சனிக்கிழமை வந்தது. அன்ரன் அண்ணர் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். வீடொன்றுக்குப் போகிற மாதிரி, கியர்ஸ்டனுக்கு ஒரு பெட்டி தேயிலை கொண்டுவந்திருந்தார். அதிகம் கதைக்கவில்லை. படிகளை, உத்தரங்களை, யன்னல் கொளுக்கிகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். வாசலில் தலையை இடித்துக்கொண்டார். அக்கா தன்னிடமிருந்த ஒரேயொரு பட்டுச் சேலையைக் கட்டி, வரவேற்பு மேசை தன்னுடையதுதான் என்பது போல அதன் அருகில் நின்றார்.

மாலைச் சாப்பாட்டுக்கு நான்தான் பரிமாறினேன். கோடை வெளிச்சம் மேசை முழுக்க இருந்தது. கியர்ஸ்டன் வந்து அண்ணரின் தோளில் கை வைத்து ஆங்கிலத்தில் தொடங்கினார். "உங்கள் தங்கை இல்லாமல் இந்த விடுதி இல்லை. பதினொரு அறையும் அவர் கையில்தான். கழிவறைகளைப் போய்ப் பாருங்கள், தேவாலயம் மாதிரி இருக்கும்!" மனதாரப் புகழ்கிறார். அவருக்கு அது பெரிய பாராட்டு. அக்கா தட்டைப் பார்த்தபடி இருந்தார். அந்த வாய் அடைத்துப்போனது அப்போதுதான்.

அன்ரன் அண்ணர் கியர்ஸ்டனுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். மிச்ச மீனையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு எழுந்து, "காலமை கதைப்பம்" என்று மட்டும் தங்கையிடம் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். "றெஜினாவின்ரை பயணத்தை நானே கெடுத்துப்போட்டன்" என்றார். எனக்குக் கியர்ஸ்டன் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தும்தான்.

மறுநாள் ஞாயிறு. நான் காலைச் சாப்பாட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கி வந்தார். பட்டுச் சேலை இல்லை, வேலைச் சட்டையும் ஏப்ரனும். கண் சிவந்திருந்தது. "நான் விரிச்ச கட்டிலிலை நானே கிடந்தன். முதுகு ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். அண்ணர் விடியவே நடக்கப் போய்விட்டாராம். "வா, அண்ணையின்ரை அறையைத் துப்புரவாக்குவம். இனி என்னத்தை மறைக்கிறது."

கதவைத் திறந்தோம். அறையில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

விரிப்பு சுருக்கமில்லாமல் இழுக்கப்பட்டு, நாலு மூலைகளும் கடித உறையைப் போல மடித்துச் செருகப்பட்டிருந்தன. தலையணை தட்டி நிமிர்த்தியிருந்தது. கைகழுவும் தொட்டி துடைத்து உலர்ந்திருந்தது. குழாய் பளபளத்தது. பாவித்த துவாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி முடிச்சுப் போட்டு, வாசலோரம் தூக்க வசதியாக வைத்திருந்தது. அக்கா ஒரு மூலை மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "எடியே, கிளாக்குமார் இப்பிடிக் கட்டில் விரிக்க மாட்டினம்" என்றார்.

பின்னால் செருமல் கேட்டது. அன்ரன் அண்ணர் கோட்டைக் கையில் போட்டபடி வாசலில் நின்றார். தங்கையின் ஏப்ரனைப் பார்த்தார்.

"உனக்குப் பதினொண்டு," என்றார். "எனக்கு லண்டனிலை ஒரு நாளைக்குப் பதினாறு."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. அண்ணரும் அப்படித்தான். மூன்று வருடமாக லண்டன் ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிறாராம். இரவு முழுவதும் அதைச் சொல்வதற்கு வார்த்தை தேடினாராம். வார்த்தை வரவில்லை, கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. "கியர்ஸ்டன் உன்னைப் புகழேக்கை எனக்கு உன்னிலை பொறாமையாய்க் கிடந்தது பிள்ளை. என்னை அங்கை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார்.

பிறகு கீழே வந்து, அந்த வரவேற்பு மேசையிலேயே இருந்து, கியர்ஸ்டனிடம் பேனை வாங்கி ஐயாவுக்குக் கடிதம் எழுதினார். நாங்கள் இருவரும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். 'பிலோமினா நல்ல இடத்தில், நல்ல மனிதரோடு வேலை செய்கிறாள். நான் ஓரிரவு அங்கே தங்கிக் கண்ணால் கண்டேன். அவளுக்கு அங்கே மரியாதை உண்டு. சுணங்காமல் றெஜினாவை அனுப்பி வையுங்கள்.' கியர்ஸ்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று பேரும் ஏன் மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்று பயந்து கோப்பி கொண்டுவந்தார்.

"ஒரு வரியும் பொய்யில்லை வசந்தி" என்று அக்கா பின்னாளில் அடிக்கடி சொல்வார். "என்ன வேலை எண்டு கேட்டிருந்தா மட்டும் பொய் சொல்லியிருப்பம்."

இலை உதிரத் தொடங்குமுன் றெஜினா வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் ஷெல் விழுந்து, அவர் புறப்பட்டு வந்த வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. ஐயா அயல் வீட்டில் நின்றதால் தப்பினார். அக்கா கலியாணம் செய்யவில்லை. பின்னர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அன்ரன் அண்ணர் ஆறு வருடங்களுக்கு முன் லண்டனில் காலமானார். ஊரில் கடைசி வரை அவர் கிளாக்தான்.

இந்தச் சனிக்கிழமை எஸ்பியர்க் கோயிலில் அக்காவின் அடக்கப் பூசை. இங்கத்தை வழக்கப்படி சவப்பெட்டியை உறவினர்தான் தூக்க வேண்டும், பெண்களும் தூக்கலாம். அதற்கு முன் றெஜினா என்னருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "என்னை இஞ்சை ஆர் எடுப்பிச்சது எண்டு கேட்டா, அண்ணைதான் எழுதினவர் எண்டு மட்டுந்தான் அக்கா சொல்லுவா."

றெஜினா, அதில் பாதிதான் உண்மை. மிச்சப் பாதி இதுதான். நீர் வராமல் போய்விடுவீரோ என்ற தவிப்பில் உம்முடைய அக்கா ஓர் இரவு முழுவதும் தான் விரித்த கட்டிலில் கண் மூடாமல் கிடந்தார்.

பெட்டிக்கு ஆறு பிடிகள். றெஜினா, அவருடைய கணவர், அவர்களுடைய மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் பிடித்தார்கள். ஆறாவது பிடி வெறுமையாக இருந்தது. கடைசி மகள் என்னைப் பார்த்து டேனிஷில், "வாங்கோ, நீங்கள் பிடியுங்கோ" என்றாள். பிடித்தேன்.

அக்கா, உங்கட தங்கச்சி இஞ்சைதான் நிக்கிறா. பிள்ளையளும் நிக்கினம். யோசிக்காமல் போயிட்டு வாங்கோ.