7:19-க்கு இறங்கும் முள்

கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. இது எனக்கு நடந்தது. என் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. தானாக நிற்கும் லிஃப்ட், தானாகத் திறக்கும் கதவு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு அறுந்த ஒயர்தான் இருக்கும் என்று பதினாறு வருஷமாகப் பார்த்தவன். பேயாவது பிசாசாவது என்று மற்றவர்களைக் கிண்டல் செய்தவன். நான் சொல்லும் நேரங்கள் எல்லாம் ஒரு சர்வீஸ் தாளின் பின்பக்கம் என் கையெழுத்தில் இருக்கின்றன. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்போது என் மனைவிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி. இந்த நேரம் பார்த்து காரின் பெட்ரோல் பம்ப் படுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் ஆகும் என்றார்கள். "பத்து நாளா? நானே மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்குப் போய், அதே மாடல் காரிலிருந்து கழற்றிய பம்ப் ஒன்றை வாங்கினேன்.

பம்போடு மிதவையும் சேர்ந்தே இருக்கும். மெல்லிய கம்பி, அதன் நுனியில் சின்னக் கட்டை. டேங்கில் பெட்ரோல் ஏறினால் அது ஏறும், குறைந்தால் இறங்கும். அதை வைத்துத்தான் டாஷ்போர்டில் முள் நகரும். நான் வாங்கி வந்ததில் கம்பி கோணலாக இருந்தது. அதில் பிளையரின் பல் தடம் வேறு. டேங்க் துளைக்குள் திணிக்கும்போது யாரோ அவசரத்தில் வளைத்திருக்கிறார்கள். "எந்த மகராசன் பண்ண வேலையோ" என்று சிரித்துக்கொண்டே கம்பியை நேராக்கினேன்.

பின்சீட்டைத் தூக்கி பம்பை இறக்கும்போது மனைவியின் தம்பி டார்ச் பிடித்தான். அவன் பார்சல் வேன் ஓட்டுபவன். "மாமா, இதுவும் லிஃப்ட் மாதிரி மேலயும் கீழயும் போகப்போகுது, பாத்துக்குங்க" என்றான். "வாயை மூடிட்டு டார்ச்சை நேரா புடி, மாப்ள" என்றேன். கேனால் அளந்து இருபது லிட்டர் ஊற்றினோம். சாவியைத் திருப்பினேன். முள் சரியாகப் பாதியில் நின்றது. எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம் 6:40-க்குத்தான் முதல்முறை பார்த்தேன். மைத்துனன் கை கழுவப் போயிருந்தான். இன்ஜின் ஓடவில்லை. விளக்குகளைச் சோதிக்கச் சாவியை மட்டும் போட்டு வைத்திருந்தேன். முள் லேசாக நடுங்கியது. பிறகு இடமும் வலமும் ஆடியது. பின்சீட்டுக்கு அடியில்... சளக்... சளக்... ஓடும் வண்டியில் பெட்ரோல் அலையடிக்கும் சத்தம். வண்டியோ வீட்டு வாசலில் அசையாமல் நின்றது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 7:19-க்கு அடிக்கோட்டைத் தொட்டது. சாவியைத் திருப்பி மறுபடி போட்டேன். பாதி.

மறுநாள் பம்பை வெளியே எடுத்தேன். மிதவையைத் தூக்கியும் இறக்கியும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். அளவுகள் எல்லாம் சரி. எர்த் ஒயரைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன், பாதி நனைந்து வந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். 6:40. முள் நடுங்க ஆரம்பித்தது. 7:19. அடிக்கோடு.

வியாழக்கிழமை மைத்துனனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். முதல் ஐந்து நிமிடம் கேலி பேசினான். அப்புறம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா... இப்ப மேடு ஏறுது. இது வளைவு. இது அந்த உடைஞ்ச பாலம், ரெண்டு குலுக்கல் வரும் பாருங்க."

முள் இரண்டு முறை குலுங்கியது.

"இது ஆஸ்பத்திரி ரோடு மாமா. நான் தினமும் போற ரோடு."

7:19-க்கு முள் அடியில் விழுந்தது. அவன் குரல் இறங்கிவிட்டது. "இப்ப வண்டி நிக்குதே, இது வெட்டுப்பாறை வளைவு" என்றான்.

அன்றே புது பம்புக்குச் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை வரும் என்றார்கள். மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. குழந்தை திங்கள் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுமே என்பதுதான் என் கவலை எல்லாம்.

பொறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் 6:25-க்கு வலி பிடித்தது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மைத்துனன் வேனோடு வெளியூரில் இருந்தான். டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். பாதி இருந்தது. காலிக் கேனைப் பின்னால் போட்டேன். அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 6:40. நான் திட்டமிட்டுக் கிளம்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

முள் இறங்கத் தொடங்கியது. முள் பொய் சொல்கிறது, பெட்ரோல் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் அவள் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு முனகினாள். இருட்டிவிட்டது. உடைந்த பாலத்தில் வண்டி இரண்டு முறை குலுங்கியது.

7:12. கால் டேங்குக்கும் கீழே.

7:17. முள் அடிக்கோட்டை நெருங்கியது.

வெட்டுப்பாறை வளைவு. 7:19.

இன்ஜின் இரண்டு முறை இருமியது. நின்றது.

சாவியைத் திருப்பினேன். கர்... கர்... கர்... பிடிக்கவில்லை. நான் மாட்டிய குழாய், நான் முறுக்கிய கிளிப். எங்கோ ஒழுகி எல்லாப் பெட்ரோலும் வழியிலேயே போய்விட்டது... பெண்டாட்டி பிள்ளையை நானே நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. இரண்டு கிலோமீட்டர் பின்னால் ஒரு பங்க்கைத் தாண்டி வந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்மா. பத்து நிமிஷம்."

"சீக்கிரம் வாங்க..."

கேனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இருபது அடி போயிருப்பேன்.

பீ............ம்.

ஹார்ன். விடாமல்.

'சீக்கிரம் போங்க' என்கிறாள். அப்படித்தான் முதலில் தோன்றியது. இன்னும் வேகமாக நாலு அடி ஓடினேன்.

பிறகு கால் நின்றது.

அவள் படுத்திருப்பது பின்சீட்டில்.

அங்கிருந்து ஹார்ன் எட்டாது.

திரும்பினேன். ஹார்ன் நிற்கவில்லை. ஓடி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

முன்சீட்டில் யாருமில்லை.

அவள் பின்னால் கண்ணை மூடிக் கிடந்தாள்.

ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹார்ன் பட்டை மட்டும்... உள்ளே அமுங்கியிருந்தது.

கதவைத் திறந்தேன்.

சத்தம் நின்றது. பட்டை மெதுவாக மேலே வந்தது.

உட்கார்ந்தேன். ஸ்டியரிங் ஈரமாக இருந்தது. சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பு. இன்ஜின் பிடித்தது.

முள் பாதியில் நின்றது.

7:37-க்கு ஆஸ்பத்திரி. 7:49-க்கு என் மகள் பிறந்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். "இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க முடியாது சார்" என்றார் நர்ஸ். அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். வெட்கமாகவே இல்லை.

மறுநாள் காலை மனைவி கேட்டாள். "நான் வலியில துடிக்கிறேன், நீங்க ஏங்க அவ்ளோ நேரம் ஹார்ன் அடிச்சீங்க?" நான் குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் புது பம்ப் மாட்டினேன். பழைய பம்பைத் துணியில் சுற்றி, வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். பணம் வேண்டாம், இது எந்த வண்டியில் இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கம்பியில் இருந்த பிளையர் தடத்தை விரலால் தடவினார்.

"அந்த வெள்ளை வண்டி... உங்களை மாதிரிதான் தம்பி, அவரும் பம்பைத் தானே மாத்தினவரு. கம்பியை வளைச்சுட்டாரு. மீட்டர் கால் டேங்க்னு காட்டிச்சாம், உள்ள ஒரு சொட்டு இல்ல. வெட்டுப்பாறை வளைவுல நின்னு போச்சு. பின்சீட்டுல சம்சாரம், பிரசவ வலி. இவரு கேனை எடுத்துட்டு பங்க்குக்குப் போயிருக்காரு."

"அப்புறம்?"

"திரும்பி வந்தப்ப அந்தம்மா பின்சீட்டுல இல்ல. எப்படியோ ஊர்ந்து முன்னாடி வந்திருக்காங்க. ஸ்டியரிங் மேல கவுந்து கிடந்தாங்க. ஹார்ன் மேல கை. பேட்டரி தீர்ற வரைக்கும் அமுக்கியிருக்காங்க பாவம். தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல."

"அவருக்கு அந்தச் சத்தம் கேக்கலையா அண்ணே?"

அவர் பம்பை மேஜைமேல் வைத்தார்.

"கேட்டுச்சாம் தம்பி. சீக்கிரம் போகச் சொல்றான்னு நெனச்சு, இன்னும் வேகமா ஓடினாராம்."